சுருக்கினதுக்கு அப்புறம் 3 போட்டா 6 வருதே, பின்ன ஏன் 3 கூடாதுங்குறாங்க?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். உங்க பையன் (ப² − 9)/(ப − 3)-ஐ சுருக்கி ப + 3னு சரியா கொண்டு வந்துட்டான், அதுல 3 போட்டா எந்தத் தகராறும் இல்லாம 6 வருது, ஆனா டியூஷன்ல ‘ப ≠ 3 எழுதலை’ன்னு மார்க் குறைச்சுட்டாங்க, இன்னொரு பக்கம் அவன் புக்குல பின்னாடி இருக்குற விடையில ‘விலக்கப்பட்ட மதிப்பு இல்லை’ன்னு, அதாவது போடக் கூடாத எண் எதுவும் இல்லைன்னு போட்டிருக்கு, ரெண்டுல எது சரின்னு கேக்குறீங்க. (எக்ஸ்க்குப் பதிலா ப-ன்னு எழுதிக்கிறேன், எந்த எழுத்து போட்டாலும் கணக்கு ஒண்ணுதான்.) மேலோட்டமா பார்த்தா இது ஒரு மார்க் விஷயம் மாதிரி தெரியுது. ஆனா உள்ள ரெண்டு தனித்தனி கேள்வி இருக்கு. சுருக்குறதுக்கு முன்னாடி இருந்ததும் சுருக்கின பிறகு வந்ததும் ஒரே விஷயந்தானாங்கறது முதல் கேள்வி. ‘விலக்கப்பட்ட மதிப்பு’ங்கற வார்த்தைக்கு புக்குக்கு புக்கு ஒரே அர்த்தந்தானாங்கறது ரெண்டாவது. எண் போட்டுப் பார்க்குற பள்ளிக்கூடக் கணக்குல முதல் கேள்விக்கு பதில் உறுதியா சொல்லலாம், அதுல வாதத்துக்கே இடமில்ல. ரெண்டாவதுல நிஜமாவே ரெண்டு வழக்கம் இருக்கு, அதனாலதான் உங்க வீட்டுல குழப்பம்.

பல வருஷமா ஒன்பதாவது, பத்தாவது பசங்களுக்கு கணக்கு சொல்லிக் கொடுத்துட்டு வர்றேன், இந்த ஒரு இடத்துல மட்டும் நல்லா படிக்கிற பிள்ளைங்களும் சேர்ந்தே தடுமாறுவாங்க. ஏன்னா இங்க தப்பு ஸ்டெப்ல இருக்காது, ஸ்டெப் எல்லாம் சரியா இருக்கும், ரெண்டு ஸ்டெப்புக்கு நடுவுல சொல்லாம விட்ட ஒரு நிபந்தனையில இருக்கும்.

முதல்ல உறுதியானது. (ப² − 9)/(ப − 3)-ல ப-க்கு 3 போட்டுப் பாருங்க, மேல 9 − 9, கீழ 3 − 3, 0/0ன்னு வருது. இதுக்கு மதிப்பு கிடையாது. வகுத்தல்னா என்ன, 12/4 எவ்வளவுன்னு கேட்டா ‘4-ஐ எதால பெருக்கினா 12 வரும்’னு தேடுறோம், 3னு ஒரே ஒரு விடை கிடைக்குது. 6/0ன்னா ‘0-வை எதால பெருக்கினா 6 வரும்’, அப்படி ஒரு எண்ணே இல்ல. 0/0ன்னா ‘0-வை எதால பெருக்கினா 0 வரும்’, இதுக்கு எல்லா எண்ணும் சரியா வரும், 5ம் சரி, −17ம் சரி, அதனால எதையும் விடைன்னு எடுத்துக்க முடியாது. ஒண்ணுல விடையே இல்ல, இன்னொண்ணுல விடைங்க எக்கச்சக்கம், ரெண்டையும் ‘வரையறுக்கப்படவில்லை’ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போறதால இந்த வித்தியாசம் பசங்க கண்ணுல படாமலே போயிடுது. பெரிய பெரிய ஆளுங்களுக்கே இது லேசுல பிடிபடல. 628-ல பூச்சியத்துக்கு கூட்டல், கழித்தல், பெருக்கல் விதி எல்லாம் அழகா எழுதின பிரம்மகுப்தர், பூச்சியத்தை பூச்சியத்தால வகுத்தா பூச்சியம்னு எழுதி வச்சார். 1150-ல பாஸ்கரர் ஒரு எண்ணை பூச்சியத்தால வகுத்தா வர்றதை முடிவில்லாத ஒரு அளவுன்னு எடுத்துக்கிட்டார். இன்னிக்கு பள்ளிக்கூடத்துல நாம படிக்கிற மெய்யெண் கணக்குல ரெண்டையுமே ஏத்துக்கறதில்ல, பகுதி, அதாவது பின்னத்துல கீழ இருக்கறது, 0 ஆனா அந்த இடத்துல பின்னத்துக்கு மதிப்பு இல்ல, அவ்வளவுதான்.

இப்ப சுருக்குறதுக்கு வருவோம். பையன் செஞ்சது ப² − 9 = (ப − 3)(ப + 3)னு காரணிப்படுத்தி, மேல ஒரு (ப − 3), கீழ ஒரு (ப − 3), ரெண்டையும் அடிச்சு விட்டுட்டு மிச்சம் ப + 3னு எழுதினது. இந்த ‘அடிக்கிறது’ங்கறதுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு நிதானமா பாருங்க. 10/15-ஐ 2/3 ஆக்குறப்ப மேலயும் கீழயும் 5-ஆல வகுக்குறோம். அதே மாதிரி இங்க மேலயும் கீழயும் (ப − 3)-ஆல வகுக்குறோம். வகுக்கணும்னா வகுக்குற எண் 0 ஆ இருக்கக் கூடாது. ப − 3 எப்ப 0 ஆகும், ப = 3 ஆகுறப்ப. அப்ப பேனாவால குறுக்குக் கோடு போட்ட அந்த நொடியிலயே ‘ப, 3 இல்ல’ன்னு வாக்கு கொடுத்தாச்சு, அதை எழுதினாலும் எழுதலைன்னாலும் அது அங்க இருக்கு. பிறகு ப + 3-ல 3-ஐ போட்டு 6 எடுக்குறது அந்த வாக்கை மீறுறது. ப + 3ங்கற கோவைக்கு 3-ல 6ங்கற மதிப்பு இருக்கறது நெசந்தான், ஆனா அது ப + 3-ஓட மதிப்பு, ஆரம்பத்துல கொடுத்த பின்னத்தோட மதிப்பு இல்ல. அந்தப் பின்னத்துக்கு 3-ல மதிப்பே கிடையாது.

ஒரு தடவை ஒரு பையன் இதை ஒத்துக்கவே மாட்டேன்னு நின்னான், ‘6 வருது சார், கண்ணு முன்னாடி வருது’ன்னான். சரி, கால்குலேட்டரை எடு, சுருக்காத வடிவத்துலயே போட்டுப் பாருன்னேன். 2.9 போட்டான், மேல 8.41 − 9 = −0.59, கீழ −0.1, வகுத்தா 5.9. அப்புறம் 2.99, மேல −0.0599, கீழ −0.01, விடை 5.99. அந்தப் பக்கம் 3.1 போட்டான், 0.61-ஐ 0.1-ஆல வகுத்தா 6.1. ரெண்டு பக்கத்துலருந்தும் 6-ஐ நெருங்கி நெருங்கி வருது. இப்ப 3-ஐ போடுன்னேன், கால்குலேட்டர் ‘எரர்’னு காட்டிச்சு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு இருந்தான், அப்புறம் ‘அப்ப 6ங்கறது வந்திருக்க வேண்டிய விடை, ஆனா வரலை’ன்னு சொன்னான். இதை விட நல்லா நானே சொன்னதில்ல. கிராஃப் போட்டா ப + 3-ங்கற அதே நேர்கோடுதான் வரும், ஆனா (3, 6)ங்கற ஒரே ஒரு புள்ளி மட்டும் காணாது, அங்க சின்னதா ஒரு வெறும் வட்டம் போட்டுக் காட்டுவாங்க. பின்னாடி பதினொண்ணாவதுல எல்லைன்னு ஒரு பாடம் வரும், அந்தப் பாடமே இந்த ஓட்டைக்குள்ள எட்டிப் பார்க்குறதுல இருந்துதான் ஆரம்பிக்கும், அதனால இப்பவே இது மனசுல பதிஞ்சா அப்ப பாதி வேலை மிச்சம்.

ஆனா விலக்கப்பட்ட மதிப்பு எல்லாமே ஓட்டை ஆயிடாது. இன்னொரு கணக்கு பாருங்க, (ப² + 5ப + 6)/(ப² − 4). மேல (ப + 2)(ப + 3), கீழ (ப + 2)(ப − 2), சுருக்கினா (ப + 3)/(ப − 2). சுருக்காத பகுதியை 0 ஆக்குறது 2, −2 ரெண்டும். இந்த ரெண்டும் ஒரே மாதிரி நடந்துக்கறதில்ல. −2-க்குப் பக்கத்துல −1.9 போட்டா ஏறக்குறைய −0.28 வருது, இன்னும் பக்கத்துல போனா −0.25-ஐ நோக்கிப் போகும், அமைதியா இருக்கும், அங்க இருக்கறது ஓட்டை. 2-க்குப் பக்கத்துல போங்க, 2.1-ல 51, 2.01-ல 501, இந்தப் பக்கம் 1.99-ல −499. கோடு ஒரு பக்கம் மேல பிச்சுக்கிட்டு போகுது, மறுபக்கம் கீழ பாயுது. அங்க மேல 0 இல்லாத எண், கீழ 0. முன்னாடி சொன்னேனே, 6/0 ரகம் ஒண்ணு, 0/0 ரகம் ஒண்ணுன்னு, அதுதான் கிராஃப்ல இப்படி ரெண்டு விதமா தெரியுது. பையனுக்கு சொல்றப்ப ஒரு காகிதத்துல இந்த நாலஞ்சு எண்ணையும் அவன் கையாலயே போட வைங்க, நாம வாயால சொன்னா நிக்காது.

இங்க ஒரு சின்ன எச்சரிக்கை. ‘கேன்சல் ஆனா ஓட்டை, கேன்சல் ஆகலைன்னா கோடு பிச்சுக்கிட்டு போகும்’னு சிலர் சூத்திரம் மாதிரி சொல்லிக் கொடுக்குறாங்க, பெரும்பாலான கணக்குக்கு அது ஒத்து வரும், ஆனா (ப − 1)/(ப − 1)² மாதிரி ஒண்ணு வந்தா கவுத்துடும். ஒரு (ப − 1) கேன்சல் ஆகுது, ஆனா கீழ இன்னொரு (ப − 1) மிச்சம் நிக்குது, 1/(ப − 1). அங்க ஓட்டை இல்ல, பிச்சுக்கிட்டுத்தான் போகும். அதனால சுருக்கி முடிச்சதுக்கு அப்புறமும் அந்தக் காரணி கீழ பாக்கி இருக்கான்னு பார்த்துத்தான் சொல்லணும்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, புக் சரியா டியூஷன் சரியா. இங்கதான் ரெண்டு வழக்கம் இருக்கு. ஒரு வழக்கப்படி, கொடுத்த கோவை எதுவோ அதோட பகுதியை எதெல்லாம் 0 ஆக்குதோ அது எல்லாமே விலக்கப்பட்ட மதிப்பு, சுருக்குறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். இந்த வழக்கப்படி உங்க கணக்குக்கு 3. இன்னொரு வழக்கத்துல வரையறையே ‘சுருங்கிய வடிவத்துல இருக்குற கோவையை எந்த மதிப்பு வரையறுக்க முடியாம ஆக்குதோ அது’ன்னு இருக்கும், அதாவது முதல்ல சுருக்கிடு, அப்புறம் மிச்சம் இருக்குற பகுதியை 0-க்கு சமன்படுத்து. இதுப்படி ப + 3-க்கு பகுதி 1, அது 0 ஆகாது, அதனால ‘விலக்கப்பட்ட மதிப்பு இல்லை’. நீங்க சொன்ன விடை இந்த ரெண்டாவது வரையறையில இருந்து வந்திருக்கணும். புக் தப்பு பண்ணலை, தான் கொடுத்த வரையறைப்படி ஒழுங்காத்தான் எழுதியிருக்கு. டியூஷன்லயும் தப்பு சொல்லலை. ஆனா பையன் புக்குல அந்தப் பாடம் ஆரம்பிக்கிற பக்கத்துல வரையறை இருக்குற வரியை ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க, ‘சுருங்கிய வடிவில்’ங்கற வார்த்தை இருக்கா இல்லையான்னு. அதுலயே குழப்பம் தீர்ந்துடும்.

என்னோட அபிப்பிராயத்தைக் கேட்டா, முதல் வழக்கம்தான் மாணவனுக்கு நல்லது. வரையறைங்கறது நாம வச்சுக்கறதுதான், அதுல சரி தப்புன்னு சண்டை போட முடியாது, ஆனா ரெண்டாவது வழியில படிச்ச பிள்ளை ‘சுருக்குறதால ஒண்ணும் இழப்பில்ல’ன்னு மனசுல பதிய வச்சுக்குது, அது மேல் வகுப்புல உதைக்கும். அதுக்காக பரீட்சையில புக்கை மீறி எழுதச் சொல்ல மாட்டேன். ரெண்டுக்கும் ஒத்து வர்ற மாதிரி எழுத ஒரு வழி இருக்கு. சுருக்குன்னு கேட்டா ‘ப + 3, இங்கு ப ≠ 3’னு எழுதட்டும், அந்த நாலு எழுத்து கூடுதலா எழுதுறதுக்கு யாரும் மார்க் குறைக்க நியாயமில்ல. விலக்கப்பட்ட மதிப்பைக் கண்டுபிடின்னு தனியா கேட்டா புக்கோட வரையறையைப் பிடிச்சுக்கட்டும், கூடவே ‘கொடுக்கப்பட்ட வடிவம் ப = 3-ல் வரையறுக்கப்படவில்லை’ன்னு ஒரு வரி சேர்த்துட்டா ரெண்டு பக்கமும் பத்திரம். பேப்பர் திருத்துறவர் கையில எந்த விடைக்குறிப்பு இருக்கும்னு நான் இங்க உக்காந்து உத்தரவாதம் கொடுக்க முடியாது, அதனாலதான் ரெண்டையும் எழுதச் சொல்றேன்.

ரெண்டாவது வழக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிடணும். கல்லூரி இயற்கணிதத்துல விகிதமுறு கோவைகளை எண் போட்டுப் பார்க்குற சார்பா (ஃபங்ஷனா) எடுத்துக்காம வெறும் குறியீடா எடுத்துக்குவாங்க, அங்க ப-ங்கறது எந்த எண்ணுக்கும் பதிலா நிக்கலை, அது ஒரு எழுத்து மட்டுமே. அந்தப் பார்வையில 10/15ம் 2/3ம் ஒரே எண்ணா இருக்கற மாதிரி (ப² − 9)/(ப − 3)ம் ப + 3ம் ஒரே பொருள்தான், வித்தியாசமே கிடையாது. கோவைகளை சுருக்கித் தர்ற சாஃப்ட்வேர் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பார்வையிலதான் வேலை செய்யுது, அதுல போட்டா ப + 3னு மட்டும் காட்டிட்டு நிபந்தனையை விட்டுடும், பையன் ஃபோன்ல சரிபார்க்குற பழக்கம் இருந்தா இதை அவனுக்கு சொல்லி வைங்க. ஆனா எண் போட்டு கணக்கு பண்ற கம்ப்யூட்டர் அப்படி இல்ல, கம்ப்யூட்டர் தசம எண் கணக்கை எப்படிப் பண்ணணும்னு சொல்ற, 1985-ல வந்த ஐ ட்ரிபிள் இ 754ங்கற தரத்துலயே 0/0-க்கு ‘எண் இல்லை’ன்னு ஒரு தனி விடையும், 0 இல்லாத எண்ணை 0-வால வகுத்தா முடிவிலின்னு வேற விடையும் வச்சிருக்காங்க. ரெண்டு ரகத்தையும் பிரிச்சே பார்க்குறாங்க, நாம மேல பார்த்த அதே பிரிவு.

செய்முறையில நான் பசங்ககிட்ட வற்புறுத்துறது வரிசையைத்தான். கேள்வியைப் பார்த்ததும் கை மேல போகும், தொகுதியைக் காரணிப்படுத்தத் தோணும். அப்படிச் செய்யாம முதல்ல பகுதியைக் காரணிப்படுத்தணும், ஒவ்வொரு காரணியையும் 0-க்கு சமன்படுத்தி வர்ற மதிப்புகளை ஓரத்துல எழுதி ஒரு கட்டம் போட்டு வச்சுடணும், அதுக்கப்புறம்தான் தொகுதிக்கும் கேன்சலுக்கும் வரணும். உதாரணத்துக்கு (ப² − 9)/(2ப² + 5ப − 3). கீழ 5ப-ஐ 6ப − ப-ன்னு பிரிச்சா (2ப − 1)(ப + 3). ஓரத்துல 1/2, −3. அப்புறம் மேல (ப − 3)(ப + 3), சுருக்கினா (ப − 3)/(2ப − 1). கடைசியா வந்ததை மட்டும் பார்த்து எழுதியிருந்தா −3 காணாமப் போயிருக்கும். இதுல இன்னொரு வழுக்கல், 2ப − 1-ஐப் பார்த்ததும் குறியை மட்டும் திருப்பிப் போட்டு 1னு எழுதிடுவாங்க, 2-ஆல வகுக்க மறந்துடும். ‘காரணியைப் பார்த்து குறியை மாத்து’ன்னு குறுக்குவழி சொல்லிக் கொடுத்ததோட பலன் இது. 2ப − 1 = 0, 2ப = 1, ப = 1/2ன்னு ஒரு வரி எழுதினா போதும்.

சுருக்குறதுல அதிகமா நடக்குற தப்பு வேற இடத்துல இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம், ஏன்னா ஒரு தடவை பழகிட்டா வருஷக்கணக்கா விடாது. (ப + 6)/(ப + 2)-ன்னு கொடுத்தா மேல ப, கீழ ப, அடிச்சு விட்டுட்டு 6/2, விடை 3ன்னு எழுதுவாங்க. பெருக்கல்ல ஒட்டி நிக்கிறதைத்தான் அடிக்கலாம், கூட்டல்ல நிக்கிறதைத் தொடக் கூடாது. மேலயும் கீழயும் முழுசா எதால வகுபடுதோ அதுதான் காரணி, ப + 6-ல ப ஒரு உறுப்பு, காரணி இல்ல. எண்ணுலயே காட்டலாம், 16/64-ல 6-ஐ அடிச்சா 1/4னு வரும், அது சரியான விடையாவே இருக்கும், அதைப் பார்த்து நம்பிடக் கூடாது, அதே வேலையை 14/42-ல 4-ஐ அடிச்சு செஞ்சா 1/2 வரும், உண்மையான விடை 1/3. தற்செயலா சரியா வந்ததை முறைன்னு எடுத்துக்கிட்டா இப்படித்தான் ஆகும்.

விடையை எண் போட்டு சரிபார்க்குறது நல்ல பழக்கம், ஆனா எந்த எண்ணுங்கறது முக்கியம். இப்ப சொன்ன (ப + 6)/(ப + 2) = 3ங்கற தப்பான விடையையே எடுத்துக்கங்க. சுலபமா இருக்கட்டும்னு ப = 0 போட்டா இடது பக்கம் 6/2 = 3, அட சரியா வந்துடுச்சேன்னு சந்தோஷமா அடுத்த கணக்குக்குப் போயிடுவான். ப = 1 போட்டிருந்தா 7/3, அங்கயே மாட்டியிருக்கும். 0, 1 ரெண்டும் பல தப்புகளை மூடி மறைக்கிற எண், அதனால 5, 7 மாதிரி ஒண்ணு எடுத்துப் போடச் சொல்லுவேன், விலக்கப்பட்ட மதிப்பா இல்லாம பார்த்துக்கணும், முடிஞ்சா ரெண்டு எண் போடணும். ஒத்து வரலைன்னா தப்புன்னு உறுதி. ஒத்து வந்தா சரியா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, நிரூபணம் ஆயிடுச்சுன்னு எடுத்துக்க முடியாது.

குறி மாறி நிக்கிற கணக்கு பத்தி சுருக்கமா, (5 − ப)/(ப − 5)-ல ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலைன்னு பசங்க அப்படியே விட்டுடுவாங்க, இல்ல 1ன்னு எழுதிடுவாங்க. 5 − ப = −(ப − 5), அதனால விடை −1, ப ≠ 5. வெறும் −1னு எழுதின விடையில 5 எங்கயும் தெரியாது பாருங்க, இந்த மாதிரி கணக்குலதான் நிபந்தனை சுத்தமா மறைஞ்சு போகும். கழித்தல்லயும் இதே கதை, ப/(ப − 4) − 4/(ப − 4) கடைசியா 1ன்னு முடியும், ஆனா 4-க்கு அங்க அனுமதி கிடையாது.

வகுத்தல் கணக்கு வந்தா இன்னொரு இடத்தையும் பார்க்கணும், அதை பல வழிகாட்டிகள்ல சொல்றதே இல்ல. (ப + 1)/(ப − 2)-ஐ (ப − 5)/(ப + 4)-ஆல வகுன்னு கேட்டா, திருப்பிப் போட்டு பெருக்கி (ப + 1)(ப + 4)/[(ப − 2)(ப − 5)]னு வரும். இதை மட்டும் பார்த்தா 2, 5 ரெண்டுதான் விலக்கணும்னு தோணும். ஆனா கேள்வியில ரெண்டாவது பின்னத்தோட பகுதி ப + 4, அது 0 ஆனா அந்தப் பின்னமே இல்ல, அதனால −4ம் போகும். 5 ஏன் போகுதுன்னா ரெண்டாவது பின்னத்தோட தொகுதி 0 ஆனா அந்தப் பின்னம் 0 ஆயிடும், 0-வால வகுக்க முடியாது. ஆக மூணு மதிப்பு. வகுக்குற பின்னத்துக்கு மட்டும் மேலயும் பார்க்கணும் கீழயும் பார்க்கணும், திருப்பிப் போடுறதுக்கு முன்னாடியே.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம்னு பையன் நினைச்சா அவனுக்கு ஒரு சமன்பாடு கொடுங்க, ப/(ப − 3) = 3/(ப − 3) + 2. எல்லாத்தையும் (ப − 3)-ஆல பெருக்கினா ப = 3 + 2(ப − 3), அதாவது ப = 2ப − 3, ப = 3. ஒவ்வொரு வரியும் சுத்தமா இருக்கு, விடையும் முழு எண், ஆனா 3-ஐ கொண்டு போய் முதல் வரியில வச்சா ரெண்டு பக்கமும் பகுதி 0. இந்த சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. ஓரத்துல ‘ப ≠ 3’னு கட்டம் போட்டு வச்சிருந்தவன் கடைசி வரியில நிறுத்தி ‘தீர்வு இல்லை’ன்னு எழுதுவான், மத்தவங்க 3ன்னு கோடு போட்டு முடிச்சிருப்பாங்க. நிபந்தனை எழுதாததால விடையே மாறிப் போற இடம் இது, அதனால டியூஷன்ல அந்த மார்க்கைக் குறைச்சது எனக்கு நியாயமாத்தான் படுது.

எல்லாக் கோவைக்கும் விலக்கப்பட்ட மதிப்பு இருந்தே ஆகணும்னு இல்ல, அதையும் சொல்லிடுங்க, ஏன்னா கேள்வியில கேட்டாலே ஏதோ ஒரு எண் எழுதணும்னு பசங்க தேடுவாங்க. ப/(ப² + 1)-ல ப எந்த மெய்யெண்ணா இருந்தாலும் ப² குறை எண் ஆகாது, அதனால பகுதி 1-க்குக் கீழ போகவே போகாது, மெய்யெண்கள்ல விலக்கப்பட்ட மதிப்பு இல்லை. கலப்பெண் படிச்ச பிறகு இதே கணக்குல ரெண்டு மதிப்பு வந்து நிக்கும், அது வேற வகுப்பு. அதே மாதிரி தொகுதி 0 ஆகுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, மேல மட்டும் 0 ஆனா பின்னத்தோட மதிப்பு 0, அது தாராளமா இருக்கலாம்.

பையனுக்குப் போட்டுப் பார்க்க ஒண்ணு தர்றேன், (ப³ − 4ப)/(ப² + 2ப − 8). முதல்ல கீழ, (ப + 4)(ப − 2), ஓரத்துல −4, 2ன்னு கட்டம் போடட்டும். மேல ப-வை வெளிய எடுத்தா ப(ப − 2)(ப + 2). சுருக்கினா ப(ப + 2)/(ப + 4), ப ≠ 2, ப ≠ −4. 0-வும் −2-ம் தொகுதியை 0 ஆக்குது, அதை விலக்கிடக் கூடாது. இதுல எது ஓட்டை, எது பிச்சுக்கிட்டுப் போற இடம்னு அவனையே கேளுங்க, ஓட்டை எந்த உயரத்துல இருக்கும்னும் கேளுங்க, சுருங்கின வடிவத்துல 2 போட்டா 8/6, அதாவது 4/3 வரணும், கால்குலேட்டர்ல 1.99ம் 2.01ம் போட்டுப் பார்த்தா ரெண்டும் அதுக்குப் பக்கத்துலயே வந்து நிக்கும்.